கிறிஸ்துவுக்கென ஓர் அறை: வீடற்றோரும் தொடக்கத் திருச்சபையின் விருந்தோம்பலும்

மாலை ஆராதனை முடிந்து சபையார் கலைந்து செல்லும் வேளையில், ஆலயச் சுற்றுச்சுவரின் ஓரத்தில் ஒருவர் தம் மூட்டையை அவிழ்த்து இரவுக்கு இடம் தேடுவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோர் ஏறக்குறைய 17.7 லட்சம் பேர் என்று கூறியது. அவர்களுள் ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது நாம் செய்வது என்ன? பெரும்பாலும் ஒரு காப்பகத்தின் பெயரைச் சொல்லி, சிறிது பணமும் கொடுத்து அனுப்புகிறோம். அது தவறன்று. தகுந்த இடத்திற்கு வழிகாட்டுவதும் ஓர் உதவியே. ஆயினும் அத்துடன் நமது கடமை நிறைவேறிற்றா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இவ்வினா புதியதன்று. அந்நியருக்கான இல்லங்களைத் திருச்சபை முதன்முதலாகக் கட்டத் தொடங்கிய நான்காம் நூற்றாண்டிலேயே இது எழுந்தது. அக்காலத்துச் சபையாரும், திருச்சபைதான் அந்நியரைப் பேணுகிறதே, நாம் வேறு எதற்கு என்று கேட்டனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட விடையையும், அவ்விடை சோதிக்கப்பட்ட விதத்தையும் வரலாற்றில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வீட்டுச் சபைகளின் வழக்கம்

நமது திருமறையில் அந்நியரை உபசரித்தல் என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் கிரேக்கச் சொல் பிலொக்செனியா என்பதாகும். அந்நியர்பால் அன்பு என்பதே அதன் நேர்ப்பொருள். பழக்கமானவர்களுக்கு விருந்து வைப்பதை அது குறிப்பதில்லை. நம் தமிழிலும் விருந்து என்னும் சொல் பண்டு புதுமையையும், புதிதாய் வந்தவரையும் குறித்தது. உற்றார் உறவினருக்குப் படைக்கும் உணவு என்னும் பொருள் பின்னர் ஓங்கிற்று. இரு மொழிகளிலும் அச்சொல்லின் மையத்தில் நிற்பவர் முன்பின் அறியாதவரே என்பது நாம் மறந்துபோன ஒன்றாகும்.

பவுலடியார் ரோமச் சபையாருக்கு எழுதுகையில் இவ்வன்பைத் தேடிப் பின்தொடருமாறு கூறுகிறார் (ரோமர் 12:13). எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் அதனை மறவாதிருக்கச் சொல்கிறது (13:2). பேதுருவின் முதலாம் நிருபம் முறுமுறுப்பின்றி அதனைச் செய்யச் சொல்கிறது (4:9). முறுமுறுப்பு இருந்ததாலன்றோ இவ்வறிவுரை தேவைப்பட்டது! கண்காணிக்கு வேண்டிய தகுதிகளுள்ளும், சபையின் பட்டியலில் சேர்க்கப்படும் விதவையின் நற்செயல்களுள்ளும் இது இடம்பெறுகிறது (1 தீமோத்தேயு 3:2; 5:10).

அந்நாட்களில் சபைக்கெனத் தனிக் கட்டடங்கள் இல்லை. அப்பம் பிட்கப்பட்ட அதே வீட்டில்தான் வழிப்போக்கரும் தங்கினர். ஆராதனையும் விருந்தோம்பலும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இவ்வழக்கம் கண்மூடித்தனமானதும் அன்று. வருகிறவரை இரண்டு மூன்று நாட்கள் வைத்துக்கொள்ளலாம், நிலையாகத் தங்க விரும்புகிறவர் தொழில் செய்து உண்ணட்டும் என்று டிடாக்கே என்னும் பழைய சபை ஒழுங்குநூல் வரையறுக்கின்றது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை சபைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், ஊருக்குப் புதிதாய் வந்தோர் ஆகியோருக்குச் செலவிடப்பட்டதை விளக்குகிறார். கி.பி. 251 அளவில் ரோமச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியோரையும் தாங்கி வந்ததாக அதன் ஆயர் கொர்நேலியுவின் கடிதமொன்று தெரிவிக்கிறது. அரசின் ஆதரவு கிடைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், துன்புறுத்தப்பட்டுக் கொண்டிருந்த ஒரு சபை செய்த பணி இது.

2. பஞ்சமும் புதிய நகரமும்

கி.பி. 313க்குப் பின் நிலைமை மாறிற்று. சபைக்குச் சொத்து வந்தது, கட்டடங்கள் எழுந்தன. அந்நியர் தங்குவதற்கான இல்லங்களும் அவற்றுள் அடங்கும். கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய சமயத்தை மீட்க முனைந்த பேரரசன் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. அதன் நம்பகத்தன்மையை ஐயுறும் அறிஞரும் உளர். ஒவ்வொரு நகரிலும் அந்நியருக்கான விடுதிகளை அமைக்க வேண்டும் என அக்கடிதம் கட்டளையிடுகிறது. அதற்கென ஆண்டுதோறும் 30,000 மோதியுஸ் அளவு கோதுமையையும் ஒதுக்குகிறது. கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமன்றிப் பிறர் ஏழைகளையும் பேணுகின்றனர் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். எதிரியின் வாயினின்று வரும் சாட்சியாகத் திருச்சபை இதனை நெடுங்காலம் போற்றி வந்துள்ளது.

368-369ஆம் ஆண்டுகளில் கப்பத்தோக்கியாவில் கொடிய பஞ்சம் நேரிட்டது. அக்காலத்தில் வீடிழந்து அலைந்தவர்களின் நிலையை நிசா நகரின் கிரகோரி தமது பிரசங்கமொன்றில் விவரித்துள்ளார். அவர்களுக்கு வானமே கூரை, மண்டபங்களும் தெருக்களும் சந்தையின் ஆளில்லா மூலைகளுமே தங்குமிடம் என்கிறார் அவர். பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் அவ்விவரிப்பில் நாம் மாற்ற வேண்டியது அதிகமில்லை.

அப்பஞ்சத்தில் கிரகோரியின் குடும்பம் செய்தது இரு வகைப்பட்டது. மூத்த சகோதரி மக்ரினா, பசியினால் வழியோரங்களில் விடப்பட்டிருந்த பெண் குழந்தைகளை எடுத்து வந்து தம் இல்லத்தில் வளர்த்தார். சகோதரர் பேசில் களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்த செல்வரைக் கண்டித்துப் பிரசங்கித்து, திரட்டிய உணவைப் பசித்தோருக்குப் பகிர்ந்தார். 370இல் செசரியாவின் ஆயரானபின், நகருக்கு வெளியே பெரியதொரு இல்லத் தொகுதியை அவர் எழுப்பினார். வழிப்போக்கருக்கு விடுதி, நோயாளருக்கு மருத்துவரும் பணியாளரும், கைத்தொழில்களுக்கான இடங்கள் ஆகியவற்றை அமைப்பது குறித்து ஆளுநர் எலியாவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. இதனால் யாருக்குத் தீங்கு என்று அதில் அவர் கேட்கிறார். நல்ல பணிக்கும் குறை கூறுவோர் அன்றும் இருந்தனர் என்பது தெளிவு. அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரி, பேசிலைப் பற்றிய நினைவுரையில் அவ்விடத்தைப் புதிய நகரம் என்று புகழ்ந்தார். வீட்டினின்றும் ஊரினின்றும் விரட்டப்பட்ட தொழுநோயாளருக்கும் அங்கு இடமிருந்ததை அவர் சிறப்பாகக் குறிப்பிடுகிறார்.

இத்தகைய நிறுவனங்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஒரு தொழுநோயாளருக்குத் தேவையான மருத்துவத்தைத் தனி வீடு அளிக்க இயலாது. வீட்டுக்காரரின் மனநிலை மாறினாலும் நிறுவனத்தின் கதவு மாறாது. ஆனால் அந்தப் புதிய நகரத்திற்கு முன்னரே மக்ரினாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது என்பதையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

3. கிறிசோஸ்தொம் கேட்ட அறை

நிறுவனம் வளர்ந்தபோது வீட்டுக் கதவுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டு கவலையுற்றவர் யோவான் கிறிசோஸ்தொம் ஆவார். அந்தியோகியாவில் மூப்பராக இருந்த காலத்தில், ஏறத்தாழ 390இல், மத்தேயு நற்செய்தியைப் பற்றிய பிரசங்கமொன்றில் அவர் சபையார் முன் ஒரு கணக்கை வைத்தார். நகரில் பத்தில் ஒரு பங்கினர் செல்வர், பத்தில் ஒரு பங்கினர் எதுவுமற்ற வறியர், எஞ்சியோர் நடுத்தரமானவர். வசதியுள்ளோர் வறியோரைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டால் ஐம்பது அல்லது நூறு பேருக்கு ஒரு வறியவர்கூட வருவது அரிது. திருச்சபையோ ஒரு சாதாரணச் செல்வரின் வருமானத்தைக் கொண்டே நாள்தோறும் 3,000 விதவைகளையும் கன்னியரையும் தாங்குகிறது. பத்துப் பேர் இவ்வாறு செய்தாலே நகரில் வறியவர் இரார் என்பது அவரது வாதம். சிறு செயல் என்பது அவருக்கு வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஒவ்வொரு வீடும் சிறிதளவு செய்தால் போதும் என்பதைக் கூட்டிக் கழித்துக் காட்டிய கணக்கு அது.

398இல் அவர் கான்ஸ்டாண்டினோபிளின் ஆயரானார். ஆயர் இல்லத்தின் வீண்செலவுகளைக் குறைத்து அப்பணத்தை நோயாளர் இல்லத்திற்குத் திருப்பினார் என்றும், மேலும் சில இல்லங்களைக் கட்டினார் என்றும் அவரது வரலாற்றை எழுதிய பல்லாதியு கூறுகிறார். ஆகவே அவர் நிறுவனங்களின் பகைவரல்லர். அவரே அவற்றைக் கட்டியவர். இது முக்கியமானது, ஏனெனில் அப்போஸ்தலருடைய நடபடிகளைப் பற்றி அந்நகரில் அவர் நிகழ்த்திய பிரசங்கங்களுள் நாற்பத்தைந்தாவதில், தாம் கட்டிய நிறுவனங்களைச் சாக்காகக் காட்டக்கூடாது என்று அவரே சபையாரைத் தடுக்கிறார்.

அந்நியருக்கெனத் திருச்சபைக்கு ஓர் இல்லமும் வருமானமும் உண்டே என்று சபையார் கூறினர். குருமார் ஜெபிக்கிறார்கள் என்பதனால் நீங்கள் ஜெபிக்காமல் இருப்பீர்களோ என்பது அவர் திருப்பிக் கேட்ட வினாவின் சாரம். பின்பு அவர் கேட்டது மிகச் சிறியது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கட்டும். அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு இருக்கட்டும். அது கிறிஸ்துவுக்குரிய அறை என்று எண்ணப்படட்டும். நிலவறையானாலும் எளிய இடமானாலும் அவர் அதனை வெறுப்பதில்லை. உங்கள் தேருக்கு ஓரிடம் உண்டு, பல்லக்குக்கு ஓரிடம் உண்டு, வீடின்றி அலையும் கிறிஸ்துவுக்கு மட்டும் இடமில்லையோ என்று அவர் இடித்துரைத்தார். ஊனமுற்றோரையும் இரப்போரையும் வீடற்றோரையும் அவ்வறைக்கு அழைத்து வர நம்பிக்கைக்குரிய பணியாளர் ஒருவரை அமர்த்துமாறும் கூறினார். மத்தேயு 25ஆம் அதிகாரத்தை அவர் உவமையாக மட்டும் வாசிக்கவில்லை. வீட்டுப் படத்தில் வரைய வேண்டிய ஒரு சுவராகவும் வாசித்தார் எனலாம்.

வருகிறவர் ஏமாற்றுக்காரராயிருந்தால் என்ன செய்வது என்ற அச்சத்திற்கும் அவர் முன்னரே விடை கூறியிருந்தார். லாசருவையும் ஐசுவரியவானையும் பற்றி அந்தியோகியாவில் நிகழ்த்திய பிரசங்கத்தில் இரக்கமுள்ளவனைத் துறைமுகத்திற்கு ஒப்பிட்டார். கப்பலுடைந்து கரை சேருகிறவன் நல்லவனா தீயவனா என்று துறைமுகம் விசாரிப்பதில்லை.

இவ்விடத்தில் நாம் அவரிடம் ஒரு குறையையும் காண வேண்டும். விருந்தினரை அழைத்து வரும் வேலை பணியாளருக்குரியதாயிற்று. ஆபிரகாமின் வீட்டிலும் மாவு பிசைந்தவள் சாராளே. விருந்தோம்பலின் புகழ் வீட்டுத் தலைவருக்கும் அதன் உழைப்பு பெண்களுக்கும் பணியாளருக்கும் செல்வது பழைய வழக்கம். ஆயர் ஒருவர் தம் சபையாரிடம் ஓர் அறையைக் கேட்கும்போது, அவ்வறையைப் பெருக்குகிறவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

4. பிரசங்கியார் அந்நியரானபோது

வரலாறு இப்பிரசங்கியாரை விசித்திரமான முறையில் சோதித்தது. 403இல் கருவாலி மரத்தின் பேரவை எனப்படும் கூட்டத்தில் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள், தனித்து உண்கிறார், விருந்தோம்பலைப் புறக்கணிக்கிறார் என்பனவும் இருந்தன. பெரியோருக்கு விருந்து வைக்க மறுத்து அச்செலவை நோயாளருக்குத் திருப்பியது அவருக்கு எதிரான குற்றமாயிற்று. யாரை உபசரிப்பது விருந்தோம்பல் என்பதில் அவருக்கும் அவர் பகைவருக்கும் கருத்து வேறுபட்டது.

404இல் அவர் நாடு கடத்தப்பட்டார். ஆர்மீனியாவிலுள்ள குக்கூசு என்னும் சிற்றூரை நோக்கிச் செல்லும் வழியில், கடுங்காய்ச்சலுடன் செசரியாவை அடைந்தார். அது பேசிலின் நகரம். கிறிஸ்தவ உலகில் விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற நகரம். ஆனால் அந்நகரின் அப்போதைய ஆயர் பரேத்திரியு அவரை ஏற்க விரும்பவில்லை. துறவியர் கூட்டமொன்று அவர் தங்கிய வீட்டைச் சூழ்ந்து, தீயிடுவோம் என்று அச்சுறுத்தியது. அப்போது செலூக்கியா என்னும் பெண்மணி நகருக்கு ஐந்து மைல்கல் தொலைவிலிருந்த தம் இல்லத்தில் அவருக்கு இடம் கொடுத்தார். ஆயர் அவரையும் மிரட்டினார். இறுதியில் அவரும் தாங்க இயலாமல், அந்நிய இனத்தார் படையெடுத்து வருகின்றனர் என்று காரணம் கூறி நோயாளியை நள்ளிரவில் அனுப்பிவிட நேர்ந்தது. நிலவில்லாத அவ்விரவில், மலைப்பாதையில் கோவேறு கழுதை விழ, அவரும் கீழே விழுந்தார். உடனிருந்த மூப்பர் எவெத்தியு கையைப் பிடித்து இழுத்துச் செல்ல, தடுமாறி நடந்தார். இவற்றையெல்லாம் அவரே ஒலிம்பியா என்னும் உதவிக்காரிக்கு எழுதிய கடிதத்தில் விவரித்துள்ளார்.

குக்கூசு சேர்ந்தபின் நிகழ்ந்ததையும் அவர் எழுதத் தவறவில்லை. தியோஸ்கோரு என்னும் அவ்வூர்ப் பெருமகன் முன்னதாகவே ஆளனுப்பி, வேறு எவ்வீட்டையும் ஏற்க வேண்டாம் என்று வேண்டி, தம் வீட்டையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். குளிர்காலத்தைத் தாங்குவதற்கேற்ப அதனைச் சீர்படுத்தியும் கொடுத்தார். சபையாரிடம் அவர் கேட்ட அறை, சில ஆண்டுகளுக்குப்பின் அவருக்கே கிடைத்தது. 407இல் மீண்டும் துரத்தப்பட்டு, வழியிலேயே கொமானா என்னுமிடத்தில் இறந்தார்.

பேசில் கட்டிய இல்லத்தின்மேல் நாம் இதற்காகப் பழி சுமத்தவில்லை. ஆனால் சிறந்த நிறுவனத்தைப் பெற்ற நகரத்திலும் ஆயரின் கதவு அடைபடக்கூடும் என்பதைச் செசரியா நமக்குக் காட்டுகிறது. நிறுவனம் ஒரு தலைமுறையின் இரக்கத்தைக் காத்து வைக்கலாம். அடுத்த தலைமுறையின் இதயத்தில் அதனை எழுதிவிட அதனால் இயலாது. செலூக்கியாவின் வாழ்வு மற்றொன்றையும் காட்டுகிறது. தனி வீட்டின் இரக்கம் உண்மையானது, எனினும் வலுவற்றது. சபையின் ஆதரவு இல்லாமற்போனால் நல்ல மனமும் நள்ளிரவில் தோற்றுப்போகும். ஆகவே வீட்டுக்குச் சபை வேண்டும், சபைக்கு வீடு வேண்டும்.

5. ஒரு சீர்திருத்த ஆயரில்லம்

நமது சீர்திருத்த மரபிலும் இவ்விரண்டும் இணைந்து நின்ற காட்சி ஒன்று உண்டு. ஸ்டிராஸ்பர்க் நகரம் 1523இல் வறியோர் உதவியை நகராட்சியின் பொறுப்பாக மாற்றி, லூக்காஸ் ஹாக்ஃபர்ட் என்பவரை அதற்குப் பொறுப்பாளராக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நகர்ப் போதகர் மத்தேயு ஸெல் என்பவரைத் தச்சரின் மகளான கத்தரீனா மணந்தார். குருவானவர் மணம்புரிவதே பெரும் எதிர்ப்புக்குரியதாயிருந்த காலம் அது.

1524இல் சீர்திருத்த நம்பிக்கையின் பொருட்டுக் கென்சிங்கன் என்னும் ஊரினின்று துரத்தப்பட்ட ஆடவர் ஏறக்குறைய 150 பேர் ஸ்டிராஸ்பர்க் வந்து சேர்ந்தனர். அன்றிரவு அவர்களுள் எண்பது பேர்வரை ஆயரில்லத்தில் தங்கினர். தொடர்ந்து சில வாரங்கள் ஐம்பது அறுபது பேருக்குக் கத்தரீனா உணவளித்தார். ஊரில் விடப்பட்டிருந்த அவர்களுடைய மனைவியருக்கு ஆறுதல் கடிதமொன்று எழுதி அதனை அச்சிட்டும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு உழவர் போரில் வீடிழந்த ஏறத்தாழ 3,000 பேர் நகருக்குள் வந்தபோது, அவர் ஹாக்ஃபர்டுடன் சேர்ந்து அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் திரட்டினார். நகராட்சியின் ஏற்பாடு இருக்கிறதே என்று ஆயரில்லம் கதவடைக்கவில்லை. ஆயரில்லம் இருக்கிறதே என்று நகராட்சியும் ஓய்ந்துவிடவில்லை.

6. நம் வாயிலில்

இவ்வரலாற்றினின்று நமது ஊழியத்திற்கு மூன்று சிந்தனைகளை முன்வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, அனுப்பிவைத்தல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு. காப்பகத்திற்கு வழிகாட்டுகிறபோதும், அதற்குமுன் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பெயரைக் கேட்டறிந்த பின்னரே அனுப்புதல் வேண்டும். சகேயு எரிகோவில் பெற்ற முதல் வரம் அவனது பெயர் அழைக்கப்பட்டதேயாகும்.

இரண்டாவது, அறை என்பது எப்போதும் நான்கு சுவராக இருக்க வேண்டுவதில்லை. நம்மிற் பலருக்கு ஒதுக்கிவைக்க ஓர் அறை இல்லை. சபைக்கு உண்டு. மழையிரவில் ஆலயத்தின் முன்மண்டபத்தைத் திறந்துவைத்தல், கழிப்பறையையும் குழாயையும் பூட்டாதிருத்தல், வேலை தேடிச் செல்கிறவரின் மூட்டையைப் பகலில் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல், கடிதம் வந்துசேர முகவரியற்றவருக்கு ஆலய முகவரியைத் தருதல் ஆகியவை யாவும் கட்டிலும் மேசையும் விளக்குமேயாகும். இவற்றுள் எதற்கும் பெருந்தொகை வேண்டுவதில்லை. சபைக்குழு ஒன்றின் தீர்மானமும், முறைவைத்துப் பொறுப்பேற்கும் சிலரும் போதும். பெண்கள் குழந்தைகளுடன் வரும்போது தேவைப்படும் பாதுகாப்பையும் சபை சேர்ந்தே திட்டமிட வேண்டும். தனியொருவரின் தலையில் இச்சுமையை வைத்தால் செலூக்கியாவின் இரவே மீண்டும் நேரிடும்.

மூன்றாவது, குருத்துவக் கல்வியில் இதற்கு இடம் வேண்டும். சமூகப் பணிக்கான திட்ட அறிக்கை எழுத நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம், அது தேவையே. ஆயினும் வாயிலில் நிற்கும் ஒருவருடன் அமர்ந்து ஒருவேளை உணவு உண்ண அவர்கள் எங்கே கற்றுக்கொள்வர்? வீடற்றோர் ஏன் வீடற்றவராயினர் என்னும் நீதியின் வினாவை நாம் கைவிடலாகாது. அவ்வினாவைக் கேட்கும் உரிமையும் உறுதியும் அவர்களுடன் பந்தியிருந்தவருக்கே மிகுதியாக உண்டு. பேசில் செல்வரைக் கண்டித்ததற்கும், பசித்தவருக்குத் தம் கையால் பரிமாறியதற்கும் இடையே முரண்பாடு இருக்கவில்லை.

கிறிசோஸ்தொம் கேட்ட அறை மிகச் சிறியது. அதனைக் கட்டிக்கொடுத்தவர் எத்தனை பேர் என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை. ஆனால் அவர் நோயுற்று, வீடிழந்து, இருட்டில் தடுமாறி வந்து சேர்ந்த நாளில், குளிர்காலத்திற்கெனச் சீர்படுத்தப்பட்ட ஒரு வீடு அவருக்காகக் காத்திருந்தது. இன்றிரவு நம் ஆலயச் சுவரோரம் படுக்கை விரிப்பவருக்கும் அத்தகைய ஓரிடம் காத்திருக்கிறதா என்பதே இவ்வரலாறு நம்மிடம் விட்டுச்செல்லும் வினா. அவ்வினாவுக்கான விடையைக் கட்டுரைகள் தருவதில்லை. நம் வாயிற்கதவுகளே தர வேண்டும்.